தண்ணீர்க் குழாயைப் பிடுங்கலாமா?

மோட்டார்க் கார் வைத்தியத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. "கம்பெனிக்காரன் வைத்ததில் ஒன்றையும் தொடாதே" என்பது ஒரு கட்சி. "கம்பெனிக்காரன் வேண்டாததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான், கழற்றி எறி, தொல்லை ஒழியும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சியின் பேச்சில் பல சமயம் நியாயம்கூட இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் கட்சி வழி தவறிப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். டர்போசார்ஜருக்குப் போகும் தண்ணீர்க் குழாயைத்தான் சொல்கிறேன்.

இது ஏதோ பந்தயக் கார் வைத்திருக்கும் சீமான்களின் விவகாரம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெட்ரோலில் ஓடும் சின்னக் கார்களிலேயே இன்று டர்போ வந்துவிட்டது. மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட் வண்டி 2013-இல் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினோடும் விற்பனைக்கு வந்தது. 2019-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வென்யூ வந்தது. 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து மேக்னைட் வந்தது. பழைய கணக்கில் ஒன்றரை லிட்டர் எஞ்சின் செய்த வேலையை ஒரு லிட்டர் எஞ்சின் செய்கிறது. செய்ய வைப்பது டர்போ. இந்த வண்டிகளில் முதலில் வந்தவை இப்போது கிழடு தட்டி, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, தெருக்கோடி ஒர்க்ஷாப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. குழாய் கசிகிற வயது அது.

அங்கே நடப்பது இதுதான். கார்க்காரர் வருகிறார். "கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, ஸார். வாரம் ஒரு தடவை ஊற்றுகிறேன்" என்கிறார். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்க்கிறார். டர்போவின் இடுப்பில் வந்து சேரும் மெல்லிய குழாயின் மூட்டில் ஈரம். புதுக் குழாய் வேண்டுமென்றால் சொல்லி வைத்து நாலு நாள் காத்திருக்க வேண்டும். விலையும் ஒரு சாண் குழாய்க்குக் கேட்கிற விலையாக இருக்காது. "எதுக்கு ஸார் செலவு? தண்ணி லைனை எடுத்துடலாம். ஆயில்தான் ஓடுதே, அது போதும்" என்கிறார் மெக்கானிக். போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் ஒரு பித்தளைத் துண்டால் ஒட்டவைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு, அரை மணியில் வேலை முடிகிறது. கசிவு நின்றுவிட்டது. சூட்டு முள் இருந்த இடத்தில் இருக்கிறது. வண்டி முன்போலவே பாய்கிறது. கார்க்காரர் மெக்கானிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பாதி உண்மை. எஞ்சின் ஓடுகிற நேரத்துக்கு அது சரியான பேச்சு. எஞ்சினை நிறுத்திய பிறகு வருகிற பத்து நிமிஷத்துக்குத்தான் அது தப்பு. குழாய் வைத்ததே பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

அணைந்த அடுப்பும் சுடும் கல்லும்

டர்போ என்பது விசித்திரமான யந்திரம். வீணாகப் போகிற புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் திணிக்கிற ஏற்பாடு. ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து யந்திர நிபுணர் 1905-ஆம் வருஷம் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எரிந்து வெளியே போவதிலும் சக்தி இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும் என்று கேட்ட மனிதர் அவர். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தச் சக்கரம் சுழலும் இடத்தைப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் அங்கே வருகிற புகையின் உஷ்ணம், வண்டியை விரட்டினால், 900 டிகிரியைத் தாண்டும். இருட்டில் பார்த்தால் இரும்பு செக்கச் செவேலென்று ஜொலிக்கும். அச்சு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுச் சுற்றுகிறது. அந்தக் கொதிக்கும் முனைக்கும் காற்று அமுக்கும் முனைக்கும் நடுவே சில விரற்கடை தூரம்தான். அந்தச் சில விரற்கடைக்குள் பேரிங்குகள் இருக்கின்றன. பெரும்பாலான டர்போக்களில் அச்சு பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவே தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்று ஓடுகிறது. அதன் மேல் அச்சு மிதக்கிறது. அந்த ஆயில் வழுக்குவதற்கு மட்டும் அல்ல, சூட்டை வாங்கிக்கொண்டு போவதற்கும் அதுதான்.

ஆகவே எஞ்சின் ஓடும்வரை ஒரு கவலையும் இல்லை. ஆயில் பம்ப் விடாமல் புது ஆயிலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சூடு ஏற ஏற ஆயில் அதை வாரிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் நிற்கிறது. எஞ்சினோடு ஆயில் பம்பும் நிற்கிறது. ஆனால் சூடு நிற்குமா? அடுப்பை அணைத்துவிட்டால் தோசைக்கல் உடனே ஆறிவிடுகிறதா? கடைசித் தோசையை எடுத்து, அடுப்பை அணைத்த பிறகும் அதன் மேல் கை வைக்க எந்த அம்மாளும் துணிய மாட்டார். டர்போவிலும் அதே கதைதான். சிவக்கக் காய்ந்த இரும்புக் கூடும் எஞ்சினோடு சேரும் இரும்புக் கிளைகளும் ஒரு பெரிய தோசைக்கல். புகை ஓடிக்கொண்டிருந்த வரையில் வந்த சூடு ஆயிலோடு போய்க்கொண்டிருந்தது. இப்போது போக வழி இல்லை. அது மெல்ல மெல்ல நடுப்பகுதிக்குள் நடந்து வருகிறது. அதனால்தான் பேரிங் இருக்கும் இடத்தின் உஷ்ணம் வண்டி ஓடும்போது உச்சத்தில் இருப்பதில்லை. வண்டியை நிறுத்திச் சில நிமிஷங்கள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகிறது. கேட்பவர்களுக்கு நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் விஷயம் அதுதான்.

உள்ளே ஓட்டமில்லாமல் தங்கிப்போன ஆயில் என்ன ஆகும்? வடை சுட்ட சட்டியின் விளிம்பைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பிசின், பிறகு கறுப்புப் பொருக்கு, கடைசியில் கல் போன்ற கரி. ஒரு தடவை நிறுத்தியதால் ஒன்றும் ஆகாது. பத்துத் தடவையிலும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு ஆயில் வருகிற நுண்ணிய வழியை அடைக்கிறது. பேரிங்கின் பக்கத்தைத் தேய்க்கிறது. அச்சு தடுமாறுகிறது. ஒரு நாள் டர்போவிலிருந்து ஆம்புலன்ஸ் சங்குபோல ஒரு ஊளை கிளம்புகிறது. பின்னால் நீலப் புகை வருகிறது. அப்போது அதே கார்க்காரர் அதே ஒர்க்ஷாப்புக்கு வருகிறார். "ஆயில் மட்டமான ஆயிலா இருக்கும், ஸார்" என்று தீர்ப்பு ஆகிறது. பித்தளைத் துண்டைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. அது போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும்.

பம்ப் இல்லாமல் ஓடும் தண்ணீர்

இங்கேதான் தண்ணீர்க் குழாய் வருகிறது. "எஞ்சின் நின்றால் தண்ணீர்ப் பம்பும்தானே நிற்கும்? பிறகு தண்ணீர் மட்டும் எப்படி ஓடும்?" என்று புத்திசாலி வாசகர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது.

மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். பெரும்பாலானவற்றில் பம்ப் கிடையாது. கீழே குழாய்கள், மேலே தொட்டி. வெயிலில் காய்ந்த தண்ணீர் லேசாகி மேலே ஏறுகிறது. மேலே இருந்த குளிர்ந்த தண்ணீர் கனத்தால் கீழே இறங்குகிறது. சூடு இருக்கிற வரையில் இந்த ஊஞ்சல் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து போர்டு 'மாடல் டி' காரில், ஆரம்பத்தில் செய்த கொஞ்ச வண்டிகளைத் தவிர, மற்றவற்றில் எஞ்சினையே இந்த முறையில்தான் பம்ப் இல்லாமல் குளிர வைத்தார்கள்.

டர்போவுக்கும் அதே வித்தைதான். பேரிங்கைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை. கீழ் வாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் வருகிறது. காய்ந்த தண்ணீர் மேல் வாய் வழியாக ஏறிப் போகிறது. எஞ்சின் நின்று, எல்லாம் அடங்கி, கார்க்காரர் ஹோட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, பானெட்டுக்குள் தண்ணீர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுபாரு டர்போ வண்டிகளில் இதற்கென்றே எஞ்சினின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வேறு சில வண்டிகளில் மின்சாரத்தால் ஓடும் சின்னப் பம்பும் உண்டு; வண்டியை நிறுத்திய பிறகு சில நிமிஷம் 'ர்ர்ர்' என்று ஓடிவிட்டு நிற்கும். "வண்டி நின்ற பிறகும் ஏதோ ஓடுகிறதே, பேட்டரி போய்விடுமே" என்று பயந்து அந்த ஒயரைப் பிடுங்கச் சொல்லுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தக் குழாய் எதற்காகப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது மனிதர்களின் மறதிக்குக் கண்டுபிடித்த மருந்து.

1962-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற டர்போக் காரை விற்பனைக்கு விட்டது. எஞ்சின் 'டொக் டொக்' என்று இடிக்காமல் இருக்க, வாலை வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பேரிங்கைக் குளிர வைக்கிற தண்ணீர் அல்ல இது, வேறு சங்கதி. ஆனால் கதை முக்கியம். திரவம் தீர்ந்தால் கார்க்காரர்தான் ஊற்ற வேண்டும். கார்க்காரர்கள் ஊற்றவில்லை. ஊற்றாவிட்டால் வேகம் குறையும்படி வைத்திருந்தார்கள்; "வண்டி ஓடவில்லை" என்று புகார் வந்தது. கடைசியில் கம்பெனியே கூப்பிட்டு, இலவசமாக டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. பிறகு 1975-இன் போர்ஷே 911 டர்போவும், 1977-இல் காட்டிய சாப் 99 டர்போவும் வந்தன. அவற்றின் டர்போக்களில் பேரிங்குக்கு ஆயில் மட்டும்தான் குளிர்ச்சி. அந்தக் காலத்து டர்போக்காரர்களுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: வேகமாக வந்தால் உடனே நிறுத்தாதே, ஒன்றிரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அப்புறம் நிறுத்து. எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வீட்டு வாசலில் வந்து இறங்கி, பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளே போய், மழையும் தூறுகிற சமயத்தில், இரண்டு நிமிஷம் காருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற பொறுமைசாலி யார்?

புத்திமதி பலிக்காத இடத்தில் குழாய் வந்தது. 1980-களில் தண்ணீர் உறை வைத்த டர்போக்கள் கார்களில் பரவின. 1984-இல் கிறைஸ்லர் கம்பெனி தன் 2.2 லிட்டர் டர்போ எஞ்சினை இப்படித்தான் விற்றது. கார்க்காரர் மறக்கலாம், தண்ணீர் மறக்காது. அந்தக் குழாயைப் பிடுங்குகிறவர், தம்மை அறியாமலே, கார்க்காரரை 1977-ஆம் வருஷத்துக்குத் திருப்பி அனுப்புகிறார். அனுப்புவதுகூடப் பெரிதில்லை. அனுப்பியதை அவரிடம் சொல்லாமல் அனுப்புகிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்க்கட்சிக்கும் காது கொடுப்போம்

பிடுங்கலாம் என்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்களுடைய வாதங்களில் மூன்றையாவது மரியாதையோடு கேட்க வேண்டும்.

"இருபது வருஷமாய் லாரி டர்போ பார்க்கிறேன், எந்த லாரி டர்போவில் தண்ணி லைன் இருக்கு?" என்று கேட்பார் அனுபவஸ்தரான மெக்கானிக். அனேகமாக உண்மைதான். டீசல் எஞ்சினின் புகையில் பெட்ரோல் புகையின் சூடு கிடையாது. ஒரு இருநூறு டிகிரியாவது குறைந்திருக்கும். ஆகவே டீசல் டர்போக்களில் பலவற்றுக்கு ஆயிலே போதும் என்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் உறையே இல்லாமல் வார்த்த டர்போ அது. உறையோடு வார்த்து, தண்ணீர் வரும் என்று நம்பிக் கணக்குப் போட்ட பெட்ரோல் டர்போ வேறு. டீசலில் படித்த பாடத்தைப் பெட்ரோலில் ஒப்பிக்கிறார் நம் மெக்கானிக். தப்பு அவருடையது மட்டுமல்ல. அவருக்கு இந்த வித்தியாசத்தை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்?

இரண்டாவது வாதம், "நான் எடுத்துவிட்ட வண்டிகள் நன்றாக ஓடுகின்றன" என்பது. ஓடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவரின் டர்போ அவ்வளவாகக் காய்வதே இல்லை. அவர் வீட்டுத் தெருவில் திரும்பி, பள்ளம் மேடு பார்த்து ஊர்ந்து வருவதற்குள் எல்லாம் ஆறிவிடும். ஆனால் அதே வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் "அடடா, என்ன காட்சி!" என்று அந்தக் கணமே சாவியைத் திருப்பினால்? திருச்சி ரோட்டில் ஒரே விரட்டாக வந்து, விக்கிரவாண்டியில் சாப்பாட்டுக் கடை வாசலில் திரும்பிய வேகத்திலேயே நிறுத்தினால்? அங்கேதான் பரீட்சை. இந்த வியாதியின் கெட்ட குணம், அது மெல்ல வருவதுதான். உடனே வந்திருந்தால் மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும், கார்க்காரருக்கும் தெரிந்திருக்கும், இந்தக் கட்டுரைக்கும் அவசியம் இருந்திருக்காது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. ஒரு மூட்டு அதிகமானால் ஒரு கசிவு அதிகம். ஒரு பம்ப் அதிகமானால் ஒரு ரிப்பேர் அதிகம் என்கிறார்கள். மறுக்க முடியாது. 2012-இல் அமெரிக்காவில் மினி கூப்பர் எஸ் முதலான டர்போ வண்டிகள் சுமார் 89,000-ஐத் திரும்ப அழைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? டர்போவைக் குளிர வைக்கிற அந்த மின்சாரத் தண்ணீர்ப் பம்பே சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதுதான்! குளிர வைக்க வந்தவன் கொள்ளி வைத்த கதை. இடக்காகப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் கம்பெனி என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பம்பை எடுத்துவிட்டு "ஆயில் போதும்" என்று அனுப்பவில்லை. வேறு பம்ப் மாட்டி அனுப்பியது. தண்ணீரை நிறுத்த மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்த வாதத்தில் கம்பெனிகளுக்கும் ஒரு குட்டு வைக்காமல் விட முடியாது. 900 டிகிரி புகை ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூட்டு வைத்த மகானுபாவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரப்பர் வளையம் போனால் வளையம் தனியாகக் கிடைக்காது. முழுக் குழாயாகத்தான் வாங்க வேண்டும். அந்தக் குழாயைக் கழற்ற வெப்பத் தகடு, அதைக் கழற்ற இன்னொரு தகடு என்று கர்ணனின் கவசம்போல ஒட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு உபத்திரவம் கொடுத்துவிட்டு, தெருக்கோடி மெக்கானிக் குறுக்கு வழி தேடினால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வளையத்தையும் வாஷரையும் தனியாக, நியாய விலைக்கு விற்றால் பாதிப் பித்தளைத் துண்டுகள் தானாகவே மறைந்துவிடும்.

குழாயை எடுத்துவிடலாம் என்று நானே சொல்லுகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. ராத்திரி பதினோரு மணி. விழுப்புரம் தாண்டி நடு ரோடு. குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் முழுவதும் தார் ரோட்டில். டர்போ கரி பிடிக்குமே என்று அப்போது கவலைப்பட்டால் எஞ்சின் முழுவதும் வெந்துவிடும். இரண்டு ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீர் ரொப்பி, கால் அழுத்தாமல் மெதுவாக வந்து, நிறுத்துமுன் மூன்று நிமிஷமாவது எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். அது முதலுதவி. ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: டர்போவின் இரண்டு வாய்களையும் போல்ட் போட்டு இறுக அடைத்து, உள்ளே தண்ணீரைச் சிறை வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியானால் போக இடம் ஏது? மூடி இறுகின குக்கரில் ஆவி போகும் வழி அடைத்துப் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஆனால் முதலுதவிக் கட்டோடு ஒரு மனிதன் இரண்டு வருஷம் நடமாடுவதில்லை. மறு வாரம் புதுக் குழாய் மாட்டிவிட வேண்டும்.

மாட்டுவதிலும் மாட்டும் முறை

திரும்ப மாட்டும்போதும் ஏனோதானோ என்று மாட்டினால் மாட்டாததற்குச் சமானம். குழாயின் முனையில் துளையுள்ள போல்ட் ஒன்று வரும். அதன் இருபுறமும் மெல்லிய செம்பு அல்லது அலுமினிய வாஷர். ஒரு தடவை நசுங்கின வாஷர் மறுபடி நசுங்காது. பழைய வாஷரையே துடைத்துப் போட்டு, கசிகிறது என்று போல்ட்டை இன்னும் இறுக்கி, மரையை அறுத்துக்கொண்டவர்கள் அநேகர். காலணாச் சாமானில் சிக்கனம் பிடித்து யானையைக் கோட்டை விடுகிற வேலை இது.

அடுத்தது, போக்கு. குளிர்ந்த தண்ணீர் கீழ் வாயில் நுழைய வேண்டும், மேல் வாயில் வெளியேற வேண்டும். அங்கிருந்து குழாய் ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவே ஒட்டகத் திமில்போல ஒரு மேடு வந்தால் காற்றும் ஆவியும் அங்கே போய்க் குந்திக்கொள்ளும். தண்ணீர் தானாக ஓடுகிற வித்தை அதோடு நின்றுபோகும். எஞ்சின் ஓடும்போது பம்ப் தள்ளிவிடுவதால் ஒரு குறையும் தெரியாது. நிறுத்திய பிறகுதான் நிற்கும். காரெட் என்ற டர்போக் கம்பெனி, தண்ணீர் வாய்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இராமல் நடுப்பாகத்தைச் சுமார் 20 டிகிரி சாய்த்து மாட்டினால் இந்த ஓட்டம் நன்றாக இருக்கும் என்று சொல்கிறது. பால் பேரிங் வைத்த டர்போக்களில் தண்ணீரை விடவே கூடாது என்பதும் அவர்கள் கட்சி. கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் இந்தச் சாய்வையெல்லாம் அவர்களே பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நாம் செய்ய வேண்டியது பழைய ஹோஸ் போன வழியிலேயே புது ஹோஸை விடுவதுதான். கையில் கிடைத்த நீள ஹோஸை வாங்கி, மிச்சத்தை மேலே வளைத்துச் சொருகுவதுதான் வழக்கமான குற்றம்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கென்று பல வண்டிகளில் ஒரு திருகு இருக்கும். தண்ணீர் ரொப்பியதும் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரையும் திறந்து வைத்து, கொப்புளம் வருவது நிற்கிறவரையில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ரொப்புகிற தண்ணீரும் தண்ணீராக இருக்க வேண்டும். நம் ஊர் போர்க் கிணற்றுத் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது டர்போவின் குறுகிய உறைக்குள் படிந்தால் குழாய் இருந்தும் இல்லாத கணக்கு. வண்டிக்குச் சொன்ன கூலண்டை வாலை வடித்த தண்ணீரோடு கலந்து விட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் பதுங்கியிருக்கும். மூடி தளர்ந்த கணமே கொதித்து முகத்தில் பாயும். மெக்கானிக்குகளின் முன்கைத் தழும்புகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

பில்லில் ஒரு வரி

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர், "என் வண்டி, என் டர்போ, நான் நிறுத்துமுன் இரண்டு நிமிஷம் காத்திருப்பேன், எனக்குக் குழாய் வேண்டாம்" என்றால் அது அவர் இஷ்டம். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த இஷ்டம் அவருடையதாக இருக்க வேண்டும். மெக்கானிக் தாமாகவே முடிவு செய்து, "கூலண்ட் லீக் சரி செய்தது" என்று பில்லில் எழுதுவது முறையல்ல. "டர்போ தண்ணீர் லைன் எடுக்கப்பட்டது" என்று எழுதட்டும். ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதுவதற்குக் கூச்சப்படுகிற மெக்கானிக், அந்த வேலையைச் செய்வதற்கும் கூச்சப்படலாம். கார்க்காரர்களும் அந்த வரியை எழுதும்படி கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஒர்க்ஷாப்பை நான் நம்ப மாட்டேன்.

யாருக்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பழைய காரை வாங்குகிறவருக்காக. முதல் கார்க்காரருக்காவது மெக்கானிக் வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார். நிறுத்துமுன் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வண்டியைத் துடைத்து மெருகு போட்டு விற்றுவிடுகிறார். வாங்குகிறவர் மத்தியதரக் குடும்பஸ்தர். சேமிப்பைத் துடைத்து, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, முதல் காரை வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். பித்தளைத் துண்டு அவருக்குத் தெரியாது. ஆறாவது மாசம் ஊளைச் சத்தம் கேட்கும்போது, குழாயின் விலைக்குப் பதில் டர்போவின் விலையைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

ஆகவே பெட்ரோல் டர்போ வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள், பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். டர்போவின் நடு இடுப்பில் ஆயில் குழாய்கள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, இருக்கும். அவை தவிரப் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாய்கள் இரண்டு இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெறும் ஓட்டையோ, புதுசாகப் பளபளக்கும் போல்ட் தலையோ தெரிந்தால், அல்லது பக்கத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் லாடம்போல வளைந்து இரண்டு கிளாம்போடு தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருந்தால், "இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று விற்கிறவரைக் கேளுங்கள். பிறகு ஒரு புது டர்போ என்ன விலை என்று ஸ்பேர் கடைக்கு ஒரு டெலிபோன் போட்டுத் தெரிந்துகொண்டு, பேரத்தை ஆரம்பியுங்கள்.